பத்துக்கைக்காரியின் மரச்சட்டம்

அன்புள்ள போல்ட்டு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "அம்மா, அது முடிஞ்சுபோன சங்கம்மா. நாலு பேர் சேர்ந்தா பெரிய விஷயம். பூட்டைப் போட்டுட்டு கிளம்பி வா." கோபத்தில் சொல்லவில்லை, அக்கறையில்தான் சொன்னாய். பெங்களூர் வீட்டில் எனக்கென்று ஒரு அறை ஒழித்து வைத்திருக்கிறாய். திரைச்சீலைக்கு எந்த நிறம் வேண்டும் என்று உன் மனைவி படம் படமாக அனுப்புகிறாள். எனக்கு எல்லா நிறமும் ஒன்றாகத்தான் தெரிகிறது, அவள் மனம் நோகக்கூடாதென்று பச்சை என்று சொல்லிவைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அலுத்துவிட்டது. இந்த வீடு அலுத்துவிட்டது, மாடிப்படி அலுத்துவிட்டது, யாராவது ஊரை விட்டுப் போகிறார்கள் என்று சமைத்துப் போட்டு வழியனுப்பி அலுத்துவிட்டது. ஆனாலும் உடனே வருகிறேன் என்று உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் போனில் விளக்கவும் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இதில் இன்னொரு வேலையும் கலந்திருக்கிறது. இங்கே எங்கள் வங்காளிச் சங்கத்தை மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு மலர் போட வேண்டும் என்று நிர்மல் காகு பிடிவாதமாக இருக்கிறார். அதில் சங்கத்தின் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். காகு என்றால் சித்தப்பா, பாபா என்றால் அப்பா என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, மலரைப் படிக்கிற தமிழர்களுக்காகச் சொல்கிறேன். உன் பாபாவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர், ஆரம்பத்திலிருந்து சங்கத்துக்குச் செயலாளர், இப்போது செயலாளர், பொருளாளர், உறுப்பினர் எல்லாமே அவர்தான். நானும் வரலாறு எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் கணக்கு டீச்சர், எனக்கு வரலாறு வரவில்லை, உனக்குக் கடிதம்தான் வந்தது. இதையே அவரிடம் கொடுத்துவிடப் போகிறேன். ஊரே படிக்கட்டும்.

இந்தக் கடற்கரைக்கு வங்காளிகள் எப்படி வந்தார்கள் என்பதில் பெரிய கதை எதுவும் இல்லை. அணுசக்தி நகரியத்தில் வேலை கிடைத்தது, வந்தார்கள். உன் பாபா வந்தபோது ஹாஸ்டலில் தங்கியிருந்த அத்தனை வங்காளிப் பையன்களும் ஒரே ஸ்கூட்டரைப் பங்கு போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரே கடல், வலை நிறைய மீன், ஆனால் கடல் மீன் அவர்களுக்கு மீனே இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் பிடித்துச் செங்கல்பட்டுக்குப் போய் ஏரி மீன் வாங்கி, ஈரப்பையை மடியில் வைத்துக்கொண்டு திரும்புவார்கள். அந்த பஸ்ஸில்தான் நான் அவரை முதலில் பார்த்தேன். பை ஒழுகி என் புடவை நனைந்தது. எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் திட்டினேன். அவருக்கு அப்போது தமிழ் தெரியாது, அதனால் சிரித்தார். நம் குடும்பத்தின் தொடக்கம் இவ்வளவுதான்.

செய்யூரில் உன் தாத்தா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மல்லாட்டையும் நெல்லும் சவுக்கும் போட்டுப் பிழைக்கிற மனுஷன். மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டால் கை எந்தத் திசையில் காட்டுவது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. நீ பிறந்தபிறகும் வரவில்லை. அந்த நிலையில்தான் பாபாவும் நண்பர்களும் முதல்முறையாகத் துர்கா பூஜை நடத்துவதென்று முடிவு செய்தார்கள். அதற்காக ஒரு சங்கம், வங்காளிச் சங்கம் என்று ஒரு பலகை, எல்லாம் தயார். சிலை செய்கிறவர் ரயிலேறி வந்துவிட்டார், எங்கள் குவார்ட்டர்ஸ் பின்னால் தங்கவும் வைத்தாகிவிட்டது. மனுஷன் இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "காட்டாமோ எங்கே?" காட்டாமோ என்பது சிலைக்கு உள்ளே இருக்கும் மரச்சட்டம். அதன்மேல் மூங்கிலும் வைக்கோலும் கட்டி, களிமண் பூசித்தான் அம்மனின் பத்துக் கையும் வரும். அவர்கள் ஊரில் சட்டத்துக்கு ஒரு தனி மரியாதை. வருஷா வருஷம் சிலையைக் கரைத்தபிறகு சட்டத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்து வைத்து, அடுத்த வருஷம் ஆனி ஆடியில் வரும் அவர்கள் ஊர்த் தேர்த்திருநாள் அன்று அதற்குக் குங்குமம் வைத்துப் பூஜை போட்டுத்தான் புதுச் சிலையைத் தொடங்குவார்கள். மண் புதுசு, அம்மன் புதுசு, உள்ளே இருக்கிற மரம் மட்டும் பழசு. எங்களிடம் பழசும் இல்லை, புதுசும் இல்லை.

நான்தான் வெட்கத்தை விட்டுச் செய்யூருக்குப் போனேன். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்து வாசலில் நின்று, சாமி செய்ய நல்ல சவுக்குமரம் வேண்டும் என்றேன். தாத்தா என் முகத்தைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்தார். "பேரு இன்னா?" என்றார். வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொன்னேன். "போல்ட்டா? அப்ப நட்டு எங்க?" என்றார். பிறகு அவரே அரிவாளை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போனார். வெட்டிய மரத்தை மாட்டுவண்டியில் ஏற்றி அவரே நகரியம் வரைக்கும் வந்தார். சிலை செய்கிறவர் அந்த மரத்தைத் தட்டிப் பார்த்து, நடுக்கட்டை இதுதான் என்று ஒதுக்கிவைத்தார். அதற்குப்பிறகு எத்தனையோ மூங்கில் மாறிவிட்டது, குறுக்குச் சட்டங்கள் உளுத்து மாறிவிட்டன. நடுக்கட்டை மட்டும் மாறவே இல்லை.

அந்த முதல் வருஷத்துக் கூத்தை நீ கேட்டிருப்பாய், இருந்தாலும் மலருக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரையில் பிறந்தவர்கள் எல்லோரும். ஆற்றில் சாமியை விட்டால் அது அடித்துக்கொண்டு போகும், அவர்களுக்குத் தெரிந்தது அதுதான். விஜயதசமி சாயங்காலம் சட்ராஸ் கரைக்குத் தூக்கிக்கொண்டு போய், இடுப்பளவு தண்ணீரில் அம்மனை விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற சாங்கியப்படி எல்லோரும் திரும்பிப் பார்க்காமலே வீட்டுக்கு வந்துவிட்டோம். விடிந்ததும் குப்பத்து ஆட்கள் நகரியத்து வாசலில் கூட்டமாக வந்து நின்றார்கள். மண்ணெல்லாம் கரைந்துபோய், வைக்கோல் உடம்பும் வைக்கோல் கைகள் பத்தும் விரிந்தபடி அவள் கரையில் மல்லாந்து கிடந்திருக்கிறாள். கூட வைக்கோல் சிங்கம் வேறு. கன்னியப்பன் என்கிற படகுக்காரர்தான் பேசினார். "எவனோ குப்பத்துக்கு சூனியம் வெச்சிட்டான்னு பொம்பளைங்கோ அழுதுகினு கீறாங்க சார். பத்து கை. நாய்கூட கிட்ட போவல. உங்க ஆளுங்க வேலைதானா இது, இல்ல நெஜமாவே சூனியமா, சொல்லிடுங்க." நிர்மல் காகு இங்கிலீஷில் விளக்கம் சொல்லத் தொடங்கினார். பாபா தனக்குத் தெரிந்த ஏழெட்டுத் தமிழ் வார்த்தைகளைக் கொண்டு அது எங்க அம்மா, எங்க அம்மா என்றார். கன்னியப்பனுக்குப் புரிந்த மாதிரி இருந்தது. "அம்மாவ இப்டியா கரையாண்ட போட்டுட்டு வருவாங்க? அலைக்கு அப்பால இட்டுனு போய் வுடணும். அடுத்த வருசம் எங்கள்ட்ட சொல்லுங்க."

அடுத்த வருஷத்திலிருந்து படகில்தான் அனுப்பினோம். குப்பத்து ஆட்கள் கயிறு கட்டி அலை தாண்டி இறக்குவார்கள், மண் கரையும்வரை காத்திருந்து, சட்டத்தை மட்டும் கயிற்றோடு இழுத்து வருவார்கள். மறுநாள் காலை அது, குவார்ட்டர்ஸை விட்டு நகரியத்துக்கு வெளியே நாம் கட்டிக்கொண்டு வந்த இந்த வீட்டுப் பின்சுவரில் சாய்ந்து காய்ந்துகொண்டிருக்கும். நீ பள்ளிக்கூடம் போகும் முன் அதன்மேல் ஏறி நின்று ஆடியிருக்கிறாய். பாபா திட்டுவார், சாமியின் எலும்பு அது என்பார்.

நான் எப்படிச் சங்கத்துக்குள் வந்தேன் என்று மலரில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். முதல் பூஜையில் ஆரத்தி நேரம் பெண்கள் நாக்கைச் சுழற்றி ஒலி எழுப்ப வேண்டும். அன்றைக்கு இருந்த மனைவிமார்கள் பட்டணத்தில் பிறந்தவர்கள், வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் குலவை போடாத பெண் உண்டா? நான் எடுத்துவிட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அதிலிருந்து எல்லாவற்றுக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். அவர்கள் மாற்றலாகிப் போனார்கள், ஓய்வுபெற்று ஊருக்குப் போனார்கள், பிள்ளைகளோடு வெளிநாடு போனார்கள். புதிதாகக் கல்யாணம் ஆகி வந்த பெண்களுக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டுமே. கடைசி நாளில் அம்மனுக்கு விடைகொடுப்பதை அவர்கள் போரோன் என்பார்கள். வெற்றிலையால் அம்மன் கன்னத்தைத் துடைத்து, நெற்றியில் குங்குமம் வைத்து, வாயில் இனிப்பு ஊட்டி, காதருகே போய் மறுபடி வா என்று சொல்வது. அதைச் செய்யூர்க்காரி நான், கொல்கத்தாவில் பிறந்த பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இதில் எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. இப்போது நினைத்தால் அந்தப் பெருமைக்காகவே இத்தனை வருஷம் இடுப்பு ஒடிய வேலை செய்தேனோ என்று தோன்றுகிறது.

உனக்கு அந்தச் சங்கம் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். வருஷா வருஷம் உன்னைப் பிடித்து நாடகத்தில் நிறுத்தினார்கள், உன் வங்காளத்தைக் கேட்டு முன்வரிசையில் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் உன்னை இந்திக்காரன் என்றார்கள். விடுமுறைக்கு பாபா ஊருக்குப் போனால் அங்கே உன் சித்தப்பா பிள்ளைகள் மத்ராசி என்றார்கள். ஒரு பூஜையன்று நீ மண்டபத்துக்கு வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாய். நான் உன்னை இழுத்துக்கொண்டு போனேன். செய்திருக்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு பிள்ளை இரண்டு ஊர்க்காரனாகப் பிறந்தால் இரண்டு ஊரும் அவனைத் தூக்கிக் கொண்டாடும் என்று நினைத்த முட்டாள்கள் நாங்கள். இரண்டு ஊரும் உன்னிடம் அடையாளச் சீட்டுதான் கேட்டன.

சங்கம் எப்படித் தேய்ந்தது என்பதற்கு ஒரே ஒரு காரணம் சொல்ல முடியாது. புது ஆட்கள் வருவது குறைந்தது. ஐ.டி. கம்பெனிகளில் வேலை செய்கிற வங்காளிப் பிள்ளைகள் சென்னையில் பெரிய பந்தல் போடுகிற இடங்களுக்குப் போனார்கள், அல்லது விமானம் ஏறி ஊருக்கே போய்விட்டார்கள். எங்களுக்குள் சண்டையும் குறைவில்லை. பிரசாதக் கிச்சடியில் மிளகு போட்டதற்காக ஒரு குடும்பம் மூன்று வருஷம் வராமல் இருந்தது. சமையல்காரர் செங்கல்பட்டுக்காரர், அவர் கை அவரை அறியாமல் பொங்கல் பக்கம் போய்விட்டது, அதற்கு இவ்வளவு ரகளை. ஆனால் இதெல்லாம் எல்லாச் சங்கத்திலும் நடப்பதுதான். எங்கள் சங்கம் தன் கையாலேயே தன் கதவைச் சாத்திக்கொண்ட விஷயம் ஒன்று இருக்கிறது. நிர்மல் காகு இதை மலரில் வெட்டாமல் போட வேண்டும்.

கோவளம், முட்டுக்காடு பக்கமெல்லாம் ரிசார்ட்டுகளும் அடுக்குமாடிகளும் எழும்பத் தொடங்கியபோது வேறு வங்காளிகள் வந்தார்கள். கட்டட வேலை, ஹோட்டல் சமையலறை, சலூன், அறை துடைக்கிற வேலை. அவர்களும் மால்டாவிலிருந்தும் நதியாவிலிருந்தும் வந்தவர்கள்தான், அவர்களுக்கும் புரட்டாசி ஐப்பசி வந்தால் மனம் ஊருக்குப் போய்விடும். ஆனால் நம் பூஜை நகரியத்துக்குள் நடந்தது. உள்ளே வர அனுமதிச் சீட்டு வேண்டும், அதைச் சங்கம் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும். அவர்களுக்கும் வாங்கிக் கொடுப்போம் என்று பாபா ஒரு கூட்டத்தில் சொன்னார். யார் அவர்களுக்குப் பொறுப்பு ஏற்பது என்று நிர்மல் காகு கேட்டார். நான் ஏற்கிறேன் என்றார் பாபா. அடுத்து தோரணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும், "இத்தனை வருஷ சிநேகிதம், விட்டுடுங்க" என்று நானும்தான் சொன்னேன். அவர் விட்டுவிட்டார். சாப்பிடாமல் படுத்தார், அவ்வளவுதான் அவருடைய எதிர்ப்பு.

பாபா இறந்துபோன வருஷத்துப் பூஜைக்கு நீ வரவில்லை, வரச்சொல்லி நானும் கேட்கவில்லை. போரோன் நேரம் வந்தது. கணவன் இருக்கிற பெண்கள்தான் அதைச் செய்வார்கள், இது எனக்குத் தெரியாததா, எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். நானாகவே தண்ணீர் டிரம் பக்கம் ஒதுங்கி நின்றேன். யாரும் என்னைத் தள்ளவில்லை. ஆனால் யாரும் கூப்பிடவும் இல்லை. அப்படியே வருஷங்கள் போய், கடந்த வருஷம் மீதமிருந்தது இரண்டு சுமங்கலிகள். அதில் ஒரு சின்னப் பெண் தட்டோடு மேடைக்குப் போய், வரிசை மறந்துபோய், அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கேட்டாள், "மாஷிமா, முதல்ல வெற்றிலையா, இனிப்பா?" வெற்றிலை என்று டிரம் பக்கத்திலிருந்தே பதில் சொன்னேன். நல்ல பெண்தான், மனசில் எதுவும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. ஆனால் என் வாய் வேண்டும், கை வேண்டாம் என்று ஆகிவிட்டதே என்று அன்றைக்கு எனக்கு ஆத்திரம் பொங்கியது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

அன்று சாயங்காலம் கரையில் வைத்து நிர்மல் காகு சொன்னார், இதோடு போதும் என்று. அவரும் மகள் வீட்டுக்குக் கிளம்பப் போகிறார். சட்டத்தைத் திரும்ப எடுக்காவிட்டால் பூஜை அதோடு நின்றது என்று அர்த்தம். கன்னியப்பன் இப்போது இல்லை, அவர் மகன் ஏழுமலைதான் படகு. கயிறு வேண்டாம் என்று காகு சொன்னதும் ஏழுமலை என்னைப் பார்த்தான். "இன்னா டீச்சர், அப்டியே வுட்டுடவா? கட்டைய?" விட்டுவிடு என்றேன். எனக்கு நிம்மதியாக இருந்தது, போல்ட்டு, பொய் சொல்லவில்லை. இனிமேல் பின்சுவரில் எதுவும் சாய்ந்திருக்காது, புயல் வந்தால் அதை இழுத்துக் கட்ட வேண்டியதில்லை, வீட்டை விற்றுவிட்டு உன்னிடம் வந்துவிடலாம் என்று நினைத்தபடி மணலில் நடந்து வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இனிமேல் சொல்வது தெரியாது. கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலையில் வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்றது. ஏழுமலை இறங்கினான். வண்டிக்குள் சட்டம். பாசி பிடித்து, ஒரு மூலை உடைந்து, நடுக்கட்டை அப்படியே. "வாணாம்னு நீங்க சொல்லிட்டீங்க. கடலுக்கு யாரு சொல்றது? செய்யூர் பக்கம் கரையாண்ட ஒதுங்கிக்கீதுன்னு போன் வந்துச்சு. உங்க பத்து கை சாமி கட்டைய இந்தக் கரையில தெரியாதவன் யாரு? வுட்டா அடுப்புக்குப் போயிடும். அதான் இட்டாந்துட்டேன்." இதில் அற்புதம் எதுவும் இல்லை, வாடைக்காற்று எல்லாவற்றையும் தெற்கேதான் தள்ளும் என்றும் அவனே சொன்னான். உன் தாத்தா தோப்பு இருந்த பக்கமே போய் ஒதுங்கியிருக்கிறது என்று நான் அவனிடம் சொல்லவில்லை. எங்கே வைக்கட்டும் என்றான். பின்சுவரைக் காட்டினேன். காகுவிடம் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. வீடு பார்க்க வந்தவர், "பின்னாடி கெடக்கற அந்த மரத்த எடுத்துடுவீங்கல்ல?" என்று கேட்டார். எடுத்துடுவோம் என்றேன். எங்கே எடுப்பேன் என்று எனக்கே தெரியாது.

சித்திரையில் ஷிபானி வந்தாள். கோவளத்தில் ஒரு ரிசார்ட் சமையலறையில் வேலை. ஏழுமலை அங்கே மீன் போடுகிறவன், அவன்தான் சொல்லி அனுப்பியிருக்கிறான். வாசலில் நின்று வங்காளத்தில் கேட்டாள், "தீதி, சட்டம் உங்ககிட்ட இருக்காமே?" இந்த வருஷம் கோவளத்தில் அவர்கள் எல்லோரும் சேர்ந்து பூஜை நடத்தப் போகிறார்களாம். காலி மனையில் ஷெட் போட்டுக்கொள்ள இடம் கிடைத்துவிட்டது. சலூன்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள், தூக்குவதற்கு முர்ஷிதாபாத் முஸ்லிம் பையன்கள், பந்தலுக்குப் பக்கத்துச் சர்ச் தெருவிலிருந்து மின்சார ஒயர். காபி கொடுத்தேன். நகரியத்துப் பூஜை பார்த்திருக்கிறாயா என்று சும்மா கேட்டுவைத்தேன். ஒரு வருஷம் வந்தோமே என்றாள். புதுத்துணி போட்டுக்கொண்டு, பிள்ளைகளோடு பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். வாசலில் சீட்டு இல்லை என்றார்கள். உள்ளேயிருந்து மேளச் சத்தம் கேட்டதாம். கொஞ்ச நேரம் வெளியே நின்று கேட்டுவிட்டு, கடற்கரைக்குப் போய் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்களாம். "நல்ல மேளம் தீதி" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நான் காபி டம்ளரைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

உன் அடுக்ககத்திலும் ஒரு சங்கம் இருக்கும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நிகழ்ச்சி நடத்துவார்கள். உன்னை அதில் சேரச் சொன்னால் சேர். ஆனால் மேடையைப் பார்க்காதே, வாசலைப் பார். யார் வெளியே நின்று மேளம் கேட்கிறார்கள் என்று பார். கூட்டம் குறைகிறது என்று நாங்கள் வருஷா வருஷம் அழுதோம், கூட்டம் வாசலில் நின்றது. இந்தக் கடிதத்தில் புத்திமதி என்று நான் சொல்வது இது ஒன்றுதான்.

காகுவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சட்டம் திரும்பி வந்ததை மறைத்ததற்குச் சண்டை. பிறகு, "அவங்களா? ஸ்பீக்கர் கட்டி சினிமாப் பாட்டுப் போடுவாங்க" என்றார். "போடட்டும். நாம நாடகம் போட்டோமே, யார் பார்த்தாங்க?" என்றேன். இருமினார். பிறகு, முன்பக்கம் எது என்று அவர்களுக்குத் தெரியாது, நீ காட்டிக்கொடு, சிங்கத்தைத் திருப்பிக் கட்டிவிடப் போகிறார்கள் என்றார். அதற்குமேல் அவரிடம் சம்மதம் கேட்க எனக்கும் தெம்பில்லை, கொடுக்க அவருக்கும் தெம்பில்லை.

தேர்த்திருநாள் போன வாரம் வந்தது. காலையில் ஷிபானியும் ஆட்களும் ரிசார்ட் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார்கள். சட்டத்தைப் பின்சுவரிலிருந்து நகர்த்திக் கழுவினார்கள். பூவும் மஞ்சளும் குங்குமமும் தட்டில் இருந்தன. முன்பக்கத்தைக் காட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் நான் துணிக்கொடி பக்கம் ஒதுங்கினேன். ஷிபானி தட்டை என் முன்னால் நீட்டினாள். எனக்கு அது ஆகாது, வேறு யாரையாவது வைக்கச் சொல் என்றேன். அவள் தட்டை இழுத்துக்கொள்ளவில்லை. "எனக்கும் புருஷன் இல்ல தீதி. மால்டாவிலேயே போயிட்டார். ரெண்டு பேரும் ஒதுங்கி நின்னா அப்புறம் யார்தான் வைக்கிறது?" அவளுடைய ஆட்கள் எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் அதில் ஒரு கேள்வியும் இல்லை, வண்டியைத் திருப்பிக் கொடுக்க நேரமாகிறதே என்ற கவலைதான் இருந்தது.

வைத்தேன். உன் தாத்தா வெட்டிய கட்டையில், உன் பாபா தோள் கொடுத்த கட்டையில், என் விரலால் குங்குமம் வைத்தேன். குலவை போட வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை, அழுகைதான் வந்தது. ஷிபானி எடுத்துக் கொடுத்தாள், பிறகு எனக்கும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். வண்டி கிளம்பிப் போனதும் பின்சுவரைப் பார்த்தேன். இத்தனை வருஷம் சாய்ந்திருந்த இடத்தில் சுண்ணாம்பு போய்க் கோடு கோடாக இருக்கிறது. வீடு வாங்குகிறவரிடம் அதற்கு மட்டும் வெள்ளையடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அதனால் இதுதான் என் பதில். வருகிறேன். பூஜைக்கு அப்புறம் நான் தனியாக இங்கே இருக்கப் போவதில்லை, எனக்கு அந்தப் பலம் இல்லை. வீடு வாங்குகிறவரையும் விஜயதசமி வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். இந்த வருஷம் போரோனுக்கு நான்தான் முதலில் வர வேண்டும் என்று ஷிபானி சொல்கிறாள். வெற்றிலை, குங்குமம், இனிப்பு எல்லாம் கை தானாகச் செய்துவிடும். காதில் சொல்ல வேண்டியதுதான் இடிக்கிறது. மறுபடி வா என்று எத்தனையோ வருஷம் அவளிடம் சொல்லியிருக்கிறேன். இந்த முறை அவள் இந்தக் கரைக்குத் திரும்பி வந்துவிடுவாள், ஏழுமலை கயிறு கட்டிக் கூட்டிவந்துவிடுவான். போகப் போகிறவள் நான். அதனால் நான்தான் அவளிடம் "போய் வருகிறேன்" என்று சொல்ல வேண்டும்.

நீ விஜயதசமி அன்று காலையே காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு, கோவளத்துக்குச் சேர்ந்து போகலாம். சாமி கும்பிட வேண்டாம், வங்காளம் பேச வேண்டாம், யாரும் உன்னிடம் எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள், கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். பெட்டிகளை முதலில் ஏற்றிவிடலாம். சாயங்காலம் சாமியைப் படகு வரைக்கும் தூக்குவதற்கு மூலைக்கு ஒரு ஆள் வேண்டும். மூன்று மூலைக்கு ஆள் வந்துவிட்டது. இடது பின்மூலை பாபாவுடையது. அவர் போனபிறகு யார் யாரோ பிடித்தார்கள், ஒருத்தருக்கும் உயரம் சரியாக வரவில்லை, அந்தப் பக்கம் சாய்ந்தே போனது. நீ அவர் உயரம்தான். செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு வா.

வெள்ளையடிக்க வேண்டிய சுவரைப் பார்த்தபடி,
அம்மா